கையை நீட்டச் சொன்ன டாக்டரம்மாவுக்கு

முத்துநகரின் மூச்சுக் காவலரே! மயங்கியோரை மறுபடி எழுப்பி மனைக்கு அனுப்பிய மாண்பாளரே! அறுவை அரங்கின் அபாய மணியே! மயக்க மருத்துவர் சந்தனச்செல்வி அம்மா அவர்களே, வணக்கம்!

தாங்கள் விடைபெறும் இவ்விழாவில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கள் ஆற்றிய அரும்பணியை அடுக்கத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். ஆகவே ஒரே ஒரு கதை. முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் கதை!

முத்தையாபுரம் வீரபாகு. உப்பளத்தில் மூட்டை தூக்குபவர். பழைய காமாலைக் கிருமி ஈரலைச் சுருக்கி, வயிற்றில் நீரைத் தேக்கி, தொப்புளை எலுமிச்சை அளவுக்குத் துருத்த வைத்திருந்தது. "மக கல்யாணத்துல சட்டையத் தாண்டி இது எட்டிப் பாக்கும் டாக்டரம்மா. வெட்டி விட்டுருங்க" என்று வந்து நின்றார்.

அறுவை மருத்துவர் மரியான் கத்தியோடு தயார். தாங்களோ வீரபாகுவின் கையைக் கேட்டீர்கள். "பஸ்ஸ நிறுத்துத மாதிரி உள்ளங்கைய நீட்டும், பாப்போம்." நீட்டினார். துறைமுகத்துக் கப்பல் கொடியாய்ப் படபடத்தது அந்தக் கை!

"இன்னைக்கு வேண்டாம்."

"பத்து நிமிஷ வேலை மேடம்!" பொங்கினார் மரியான்.

அவரைத் தனியே அழைத்துத் தாங்கள் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. "வெட்டத்தான் பத்து நிமிஷம், டாக்டர். அந்தக் கை படபடக்குறதப் பாத்தீங்கள்ல, ஈரல் அவ்வளவு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். ரத்தம் உறையாது, மயக்கம் தெளியாது, கிட்னி படுத்துக்கிடும். அப்புறம் கல்யாண வீட்டுல இவரு போட்டோதான் நிக்கும்."

நீரை வடித்தீர்கள். உப்பைக் குறைக்கச் சொன்னீர்கள். "உப்பளத்துக்காரன்ட்ட உப்பக் கொறைக்கச் சொல்லுதியளே, நியாயமா?" என்றார் வீரபாகு. சிரித்தீர்களே தவிர, இம்மியும் இறங்கவில்லை. வயிறு வற்றத் தொடங்கியது.

அப்போதுதான் அந்தத் தும்மல்! தொப்புள் தோல் கிழிந்து நீர் பீறிட, ஆட்டோவில் அலறியபடி அழைத்துவந்தார் மனைவி முத்துச்செல்வி. இம்முறை தயங்கியவர் மரியான். "இந்த ஈரலோடயா மேடம்?"

"இனி காத்திருந்தா கிருமி உள்ள போய்க் கொன்னுடும். இன்னைக்கே. இப்பவே!"

வேண்டாம் என்ற வாயே வேண்டும் என்றது! ரத்தம் உறைவதற்கென பிளாஸ்மா ஏறியது. மயக்க மருந்து துளித்துளியாய் இறங்கியது. ரத்த அழுத்தம் சரிந்தது, தாங்கினீர்கள். மறுபடி சரிந்தது, மறுபடி தாங்கினீர்கள். தையல் முடிந்தது. ஆபத்து முடியவில்லை.

சில நாளில் வீரபாகு மனைவியையே பார்த்து, "யாருளா நீ?" என்றார். முத்துச்செல்வி தலையில் அடித்துக்கொண்டார். இதற்கென்றே காத்திருந்தவர்போலத் தாங்கள், "ஈரல் கழிக்காத நஞ்சு மூளைக்கு ஏறிருக்கும்மா. வயிறு நல்லாப் போகட்டும், புத்தி தானா வரும்" என்று மருந்தை மாற்றினீர்கள். வந்தது!

"ஏளா, கருவாடு இருக்கா?"

"இப்பந்தான் பொழச்சிருக்கிய, அதுக்குள்ள கருவாடா!" அழுகையும் சிரிப்புமாய் அதட்டினார் முத்துச்செல்வி. மகள் திருமணத்தில் அவரருகே நின்றது போட்டோ அல்ல, ஆள்!

எப்போது வெட்டக்கூடாது என்று எங்களைத் தடுத்தும், எப்போது வெட்டாமலிருக்கக் கூடாது என்று எங்களைத் துரத்தியும், துணிவையும் பணிவையும் ஒருசேரத் தந்த தாயுள்ளமே! எங்கள் மருந்தின்றி வரும் உறக்கமும், எங்கள் கட்டில் காணாத உடல்நலமும் பெற்று நெடிது வாழ்க!

இம்மடலைத் தங்களிடம் தரப்போகிறவர் வீரபாகு. எழுந்து வருகிறார். நீட்டுகிறார். மடலை அப்புறம் வாசிக்கலாம், அம்மா. முதலில் அந்தக் கையைப் பாருங்கள்.

அசையவே இல்லை!

என்றும் தங்கள் அன்பில்,
அறுவை அரங்கப் பணியாளர்கள்,
தூத்துக்குடி.