ஆடாமல் இருக்கத் தெரிந்தவன்

வெளியூரில் படக்கதை எடுக்கப் போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது நல்ல சாப்பாட்டுக் கடை எங்கே இருக்கிறது என்பதைத்தான். பசித்த நடிகனின் முகம் மத்தியானத்துக்கு மேல் தொங்கிவிடும். சினிமா என்றால் நடந்து, பேசி, எப்படியாவது சமாளித்துவிடலாம். நாங்கள் முகத்தை அப்படியே நிறுத்திவைத்துப் படம் பிடிக்கிறவர்கள். தொங்கின முகம் தொங்கினபடியே அச்சேறி, நாடு முழுக்கப் பெண்கள் முடி சுருட்டிக்கொள்ளப் போகும் கடைகளிலெல்லாம் கிடக்கும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, காப்பிக்கு நன்றி. என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை, நானாக வந்தேன். அதனால் என் போக்கில் சொல்ல விடுங்கள். எங்கள் கதாநாயகன் லோரிஸ் செத்ததை விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்களாம். அந்த வார்த்தையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். வார்த்தை என் பிழைப்பு. தப்பான வார்த்தையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. வாராவாரம் உங்கள் வீட்டம்மா வாங்கும் பத்திரிகையில் அழகான பையனும் பெண்ணும் நிற்பார்கள், தலைக்கு மேல் வெள்ளைக் குமிழியில் அவர்கள் பேசுவது அச்சாகியிருக்கும், இல்லையா? கதை என்னுடையது. யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது எல்லாம் நான் சொல்வதுதான். பிரீமோ படம் பிடிப்பான். நான் "ஆடாதே" என்றால் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் யாரும் அசையக் கூடாது. நான் "ஆச்சு" என்கிற வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும். வசனத்தை நான் பிற்பாடு மிலானில் உட்கார்ந்து எழுதிக் குமிழியில் ஒட்டுவேன்.

ஆகவே படம் எடுக்கும்போது யார் என்ன பேசினாலும் எங்களுக்குக் கவலையில்லை, சத்தம் காகிதத்தில் விழாது. ஆவேசமாகக் கத்துகிற முகம் வேண்டுமென்றால் நடிகன் எதையாவது கத்த வேண்டும், அவ்வளவுதான். சிலர் ஜெபம் சொல்லுவார்கள், சிலர் கால்பந்துக்காரர்கள் பெயரைக் கத்துவார்கள். லோரிஸ் பிரீமோவின் மாமியாரைத் திட்டுவான். "பிரீமோ, உன் மாமியார் மீசையைச் செரைக்கச் சொல்லுடா" என்று தொண்டை கிழியக் கத்துவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பத்திரிகையில் அதே முகம் தன் காதலியைக் கப்பல் ஏற்றிவிட்டுக் கதறிக்கொண்டிருக்கும்.

லோரிஸை ரொவீகோ ஊரில் ஒரு கசாப்புக் கடையில் கண்டுபிடித்தேன். உண்மைப் பெயர் வேறு, இந்தப் பெயரையும் நான்தான் வைத்தேன். பேச்சு சுத்தமாக வராது, நடக்கச் சொன்னால் வாத்து மாதிரி நடப்பான். ஆனால் ஆடாமல் இருக்க அவனை மிஞ்ச இந்த நாட்டில் ஆள் கிடையாது. கொட்டுகிற பனியிலும் நான் "ஆச்சு" என்கிற வரைக்கும் இமை கொட்டாமல் நிற்பான். ஒன்பது வருஷம் அவன் வாயில் நான் வார்த்தை வைத்தேன். அவனுக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. ஆளைப் பற்றி ஒரு வரி இருந்தால் அவன் சொன்னதைப் பற்றிப் பத்து வரி இருக்கும். ஒரு கதையில் அவன் சொல்வான்: "நீ கதவைத் திறக்க வேண்டாம். நான் வெளியே நிற்கிறேன் என்று உனக்குத் தெரிந்தால் போதும்." இந்த ஒரு வரிக்காகக் கல்யாணத்தை நிறுத்திவிட்டு வந்த பெண் உண்டு.

அதை எழுதியபோது யாரை நினைத்துக்கொண்டு எழுதினாய் என்று கேட்காதீர்கள். காதல் என்றெல்லாம் நினைக்கவும் வேண்டாம். எனக்கு அவனைவிடப் பதினான்கு வயது கூட, என் வீட்டில் கண்ணாடியும் இருக்கிறது. அவன் அந்த வசனத்தை ஒருதரம் படித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவன் படிக்கவில்லை. பத்திரிகையைப் புரட்டித் தன் படத்தை மட்டும் பார்க்கிறவன் அவன்.

இந்தக் கடைசிக் கதையை எடுக்க உங்கள் ஊருக்கு, இந்தக் கியோஜ்ஜாவுக்கு வந்தோம். சாப்பாட்டுக் கடையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, நான் பிறந்த ஊர். என் அப்பா இந்தக் காயலில் சிப்பி பொறுக்கினவர். முதல் நாள் மத்தியானம் வறுத்த விலாங்கு மீன் வந்தது. லோரிஸ், பிரீமோ, நான், புதுக் கதாநாயகி நீவெஸ், நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். லோரிஸ் என்னை எப்போதும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"டீச்சரம்மா, ஒரு நல்ல சேதி. அடுத்த வருஷத்துலேர்ந்து உங்களுக்கு ஓய்வு" என்றான், முள்ளைத் துப்பிக்கொண்டே. "கதையையும் நானே எழுதிடறேன். மிலான்ல முதலாளிகிட்ட பேசியாச்சு, அவரும் சரின்னுட்டார்."

"நீயா? ஒனக்கு உன் பேரையே தப்பில்லாம எழுத வராதேடா" என்றான் பிரீமோ.

"எழுதறதுக்கு யாராச்சும் பையனை வெச்சுக்கலாம். பேசறது யாரு? நான்தானே? ஒம்பது வருஷமா நான் பேசினதைத்தானே இவங்க எழுதிட்டு இருக்காங்க."

கேலிக்குச் சொல்கிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே அப்படி நம்பியிருந்தான். பிறகு நீவெஸ் பக்கம் சாய்ந்து, எண்ணெய் வழியும் உதட்டோடு சொன்னான்: "நீ கதவைத் தொறக்க வேணாம்மா. நான் வெளிய நிக்கறேன்னு தெரிஞ்சா போதும்."

"ஐயோ, எவ்வளவு அழகாச் சொல்றீங்க" என்றாள் அந்தப் பெண்.

"தானா வரும்" என்றான் லோரிஸ்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வெளியே காட்டாமல் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டேன். என் வேலை போவதற்காக நான் கலங்கவில்லை. திருடுகிறவனுக்குத் திருடுகிறோம் என்றாவது தெரியும், இவனுக்கு அது கூடத் தெரியவில்லை. அடிமடியில் கை வைத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்து மீன் தின்கிறான். என் இடத்தில் நீங்கள் இருந்தால் எழுந்து அறைந்திருப்பீர்கள். நான் படித்தவள்.

கதையில் ஏற்கெனவே ஒரு சேற்றுக் காட்சி இருந்தது. கதாநாயகன் காயலில் மாட்டிக்கொள்கிறான், காதலி கரையிலிருந்து பார்த்துப் பதறுகிறாள், கடைசியில் படகு வந்து காப்பாற்றுகிறது. அதைச் சனிக்கிழமை எடுப்பதாக இருந்தோம். நான் திங்கட்கிழமைக்குத் தள்ளினேன். வெளிச்சம் சரியில்லை என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். திங்கட்கிழமை அமாவாசை. அன்றைக்குக் காயலில் தண்ணீர் எவ்வளவு ஏறும், எந்த வேகத்தில் ஏறும் என்று உங்கள் ஊர்க் குழந்தைக்குக் கூடத் தெரியும். பிரீமோ மலைநாட்டான். நீவெஸ் கையுறைக் கடையில் நின்றவள். அவர்களுக்குத் தண்ணீர் என்றால் குழாயில் வருவது.

சேற்றைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறவனை அது விட்டுவிடும். சாய்ந்து படுத்துவிட்டால் புழு மாதிரி நெளிந்து வெளியே வந்துவிடலாம். ஆடாமல் இருக்கிறவனைத்தான் அது உள்ளே இழுக்கும். சின்ன வயதில் அப்பா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அதுதான்.

காயலுக்குள் ஓடும் கால்வாய்க்கு அந்தப் பக்கம், சேற்றுத் திட்டின் ஓரத்தில் அவனைப் படகில் கொண்டுபோய் இறக்கினேன். "முழங்கால் போட்டு உட்கார், அப்போதுதான் தலைக்கு மேல் வசனத்துக்கு இடம் கிடைக்கும்" என்றேன். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தான். நான் திரும்பி இந்தக் கரைக்கு வந்துவிட்டேன். தூரத்துப் படத்துக்கான நீள லென்ஸோடு பிரீமோ இங்கே இருந்தான், நீவெஸும் இங்கேதான். படகுக்காரனைப் படகோடு சாப்பாடு வாங்கிவர ஊருக்குள் அனுப்பினேன். வறுத்த விலாங்கே வேண்டும், செய்யச் சொல்லிக் காத்திருந்து சூடாக வாங்கிவா என்றேன்.

"ஆடாதே" என்று கை காட்டினேன். அவன் ஆடவில்லை.

மேகம் வந்தது. மேகம் விலகட்டும் என்று காத்திருப்பது எங்களுக்கு வழக்கம், யாருக்கும் அதில் சந்தேகம் வராது. வெயில் வந்ததும் நீவெஸ் கரையில் ஓடும் படங்களை முதலில் எடுத்துவிடலாம் என்றேன். அவளை ஓடவிட்டு, நிறுத்தி, கழுத்துத் துணியைச் சரிசெய்து, மறுபடி ஓடவிட்டேன். லோரிஸ் அங்கே அப்படியே இருந்தான். நான் "ஆச்சு" என்று சொல்லவில்லையே. அவனைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், அன்றைக்கு அவன் வேலையைப் பார்த்து எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது கூப்பிட்டான். "டீச்சரம்மா, சில்லுனு இருக்கு, சீக்கிரம் முடிங்க."

இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினேன்.

அப்புறம் கத்த ஆரம்பித்தான். "பிரீமோ, காலு வரலடா. முட்டி உள்ள மாட்டிக்கிச்சு. இழுங்கடா வந்து."

பிரீமோ சிரித்தான். "இன்னிக்கு மாமியாரை விட்டுட்டான் மேடம். திருந்திட்டான் போல."

"முகம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பிரமாதம். இந்த மாதிரி இவன் பண்ணி நான் பார்த்ததே இல்ல."

"எடு. விடாம எடு."

எடுத்தான். லோரிஸ் கையை வீசினான், அழுதான், தன் அம்மாவைக் கூப்பிட்டான். நீவெஸ் கை தட்டினாள். தண்ணீர் அவன் தாடையைத் தொட்ட பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. "மேடம், அவர் நிஜமாவே..." என்றாள். நான் அவளைப் பார்த்து, "ஆடாதே" என்றேன். அவள் கூட நின்றுவிட்டாள், பாருங்கள். அந்த வார்த்தைக்கு அவ்வளவு பழக்கம். கடைசியில் பிரீமோதான் கேமராவைக் கீழே போட்டுவிட்டுப் படகு, படகு என்று அலறிக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடினான். கால்வாயில் இழுப்பு பலமாக இருந்தது, அவனுக்கு நீச்சலும் தெரியாது. எனக்கு நீச்சல் தெரியும். அதை நீங்கள் கேட்கவில்லை.

ஆகவே விபத்து என்கிற வார்த்தையை அடித்துவிடுங்கள். தன்னுடைய அஜாக்கிரதையால்தான் லோரிஸ் செத்தான் என்று நினைத்து பிரீமோ குடித்துக் குடித்து அழிந்துகொண்டிருக்கிறான், அதுவும் நியாயமில்லை. நாள் நான் பார்த்தது, இடம் நான் பார்த்தது, படகை அனுப்பினது நான். லோரிஸை நான்தான் கொன்றேன். இதில் இன்னொருவர் பெயரைச் சேர்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒன்பது வருஷம் அடுத்தவன் பெயரில் என் வேலை வந்தது போதும்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்பீர்கள். எதற்கு? அவன் இருந்து, தானே எழுதி, இரண்டு மாதத்தில் ஊர் சிரித்திருக்கும். இப்போது பாருங்கள். மிலானிலிருந்து முதலாளி போன் செய்து, இருக்கிற படங்களை வைத்தே கதையை முடித்துக் கொடுங்கள் எர்சீலியா, அஞ்சலி இதழாகப் போடலாம் என்று கெஞ்சினார். முடித்துக் கொடுத்தேன். கதாநாயகியின் பெயரை மட்டும் மாற்றினேன், எர்சீலியா என்று என் பெயரையே வைத்தேன். அதில் என்ன, குமிழியில் எழுதுகிற பெயர்தானே. பத்திரிகை வந்த அன்றைக்கே தீர்ந்து, இரண்டு தடவை மறுபடி அடித்தார்கள். அவன் கல்லறையில் பெண்கள் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதோ, கொண்டுவந்திருக்கிறேன். இந்தக் கடைசிப் படத்தைப் பாருங்கள். தண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது, கண் நேராக நான் நின்ற இடத்தைப் பார்க்கிறது. காப்பாத்துங்க என்றுதான் கத்தினான் என்று பிரீமோ சொல்வான், நீவெஸும் சொல்வாள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, அச்சில் இருப்பதைப் படியுங்கள்: "எர்சீலியா, உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ கரையில் நிற்கிறாய் என்று தெரிகிறது, அது போதும்."

அவன் பேசினதெல்லாம் நான் எழுதியதுதான், ஐயா. இது ஒன்று மட்டும் அவனாகச் சொன்னது.