பொத்தான் டப்பாவில் நான்கு மாத்திரைகள்

வாக்குமூலம் கொடுப்பவர்: நோயாளியின் மனைவி. வயது நாற்பத்தாறு. தொழில்: தையல். விலாசம்: பஸ் டிப்போவுக்குப் பின்புறக் குடியிருப்பு, இரண்டாவது மாடி.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். அவர் தச்சர். இதய டாக்டரம்மா மீது என் கொழுந்தனார் கொடுத்த புகார் சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் என் கணவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது, நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிப்பதாகவும், மயக்க மருந்து கொடுத்து நெஞ்சில் ஷாக் வைத்தால் துடிப்பு சீராகும் என்றும், அதற்கு முன் மூன்று வாரம் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையைக் காலையும் மாலையும் தவறாமல் போட வேண்டும் என்றும் சொன்னார். "நடுவுல ஒரு வேளை விட்டாக்கூட எங்ககிட்ட சொல்லிடுங்கம்மா. உள்ள ரத்தக்கட்டி இருந்தா மூளைக்குப் போயிடும்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதன் பிறகு மாத்திரை என் பொறுப்பில் இருந்தது. என் கணவர் எது என்ன மாத்திரை என்று பார்க்கும் ஆள் அல்ல. ஒரு மூடியில் நாலைந்தைப் போட்டு நீட்டினால் ஒரே மடக்கில் விழுங்கிவிடுவார். பதினான்காம் நாள் உளி பட்டு அவர் கட்டைவிரல் கிழிந்தது. மூன்று துணி நனைந்தும் இரத்தம் நிற்கவில்லை. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையால்தான் இப்படி என்று நினைத்தேன். அதன் பிறகு இரண்டு நாள் அந்த மாத்திரையை மட்டும் மூடியில் போடாமல் விட்டேன். அட்டையில் மிச்சம் இருந்தால் கொழுந்தனார் பார்த்துவிட்டுக் கத்துவார் என்று பயந்து, நான்கையும் பிதுக்கி எடுத்து என் பொத்தான் டப்பாவில் போட்டேன். காயம் ஆறியதும் மறுபடி கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸ் காலி அட்டைகளை வாங்கி எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதன் பிறகு, ஏதாவது வேளை விட்டுப்போனதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நான் சோத்தை மறந்தாலும் இவ மாத்திரையை மறக்கமாட்டா சிஸ்டர். அலாரத்தைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துறேன்" என்றார். கொழுந்தனார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் மறுபடி என்னைக் கேட்டார். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இன்னும் மூன்று வாரம் அவர் மூச்சுக்குத் திண்டாடுவதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். "இல்லீங்க, ஒண்ணும் விடல" என்றேன். நர்ஸ் படிவத்தில் டிக் அடித்தார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "உன் தையல் மெஷின் மாதிரி ஓடுது பாரு" என்றார். அதன் பிறகு மூன்றாம் நாள் காலை, காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. அன்றிலிருந்து பேச்சு இல்லை, வலது கை இல்லை. டாக்டரம்மா வந்து, "மாத்திரை எல்லாம் சரியாத்தானே போட்டீங்க?" என்று கேட்டார். அப்போதும் ஆமாம் என்றேன். ஷாக்கைத் தப்பாக வைத்துவிட்டார் என்று கொழுந்தனார் புகார் கொடுத்தார். டாக்டரம்மாவை இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் நிறுத்தியதால்தான் இப்படி ஆனதா என்று எனக்குத் தெரியாது. கேட்டவர்களிடம் பொய் சொன்னது நான். என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதும் மூடியை நீட்டினால் அவர் பார்க்காமலே வாயைத் திறக்கிறார்.

அந்த நான்கு மாத்திரைகளையும் டப்பாவோடு ஒப்படைத்துவிட்டேன். எழுதியதைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். என் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, ஓரிடத்தில் 'மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தார். நான் மறக்கவில்லை. அதை அடித்து, 'போடாமல் விட்டேன்' என்று திருத்தச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
நோயாளியின் மனைவி