தபீதாள் டீச்சர் சொன்ன வரி

இல்லண்ணா, பின்பாதிய விட முடியாது. பேப்பர்ல எப்படி வந்துச்சோ அப்படியே கல்லுல ஏறணும்னு தபீதாள் டீச்சர் கண்டிஷனா சொல்லிட்டாங்க. பைபிள் வசனம் போட்டுக்கலாமேன்னு நானும் கேட்டுப் பாத்தேன். மாட்டேங்கறாங்க. இந்தாங்க கட்டிங், பாத்துப் புடிங்க, மடிப்புல கிழிஞ்சிருக்கு. என் ஒரே மகனைத் தருகிறேன், ராணுவம் உடனே புறப்படட்டும். அவ்ளோதான். மேல பையன் பேரு, ஜெபராஜ். போனது எண்பத்தேழு அக்டோபர்.

பொட்டியா? எங்க வந்துச்சு. யாழ்ப்பாணத்துலயே எரிச்சுட்டாங்களாம். தந்தி மட்டும் வந்துச்சு. அதான் கல்லறைத் தோட்டத்துல வெறும் கல்லு.

நானா? சொந்தமெல்லாம் இல்ல. அந்தப் பேப்பருக்கு தாம்பரம் நிருபர். ஏகநாதன்னு எப்பவாச்சும் பேர் வரும், பாத்திருப்பீங்க. கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

போன வருஷம் ஞாபகம் இருக்கா, இலங்கைக்கு ராணுவத்த அனுப்புன்னு தெனம் கத்துனோமே? ஊர் என்ன சொல்லுதுன்னு ஒரு பக்கம் போடுவோம். ஆறு பேரு, ஆறு போட்டோ. காலைலயே எடிட்டர் போன் பண்ணிடுவாரு. அஞ்சு பேர் அனுப்புன்னு சொல்லணும், ஒருத்தர் மட்டும் யோசிச்சு செய்யலாம்னு சொல்லணும். ஆறு பேரும் அனுப்புன்னா எவனும் நம்ப மாட்டானாம். அதுக்கப்புறம்தான் ஆளத் தேடிப் போவேன். சிரிக்காதீங்கண்ணா, தொழிலு அப்படி.

அன்னிக்கு, பட்டாளத்துல புள்ள இருக்கற தாய் ஒருத்தங்க வேணும்னாரு. அஸ்தினாபுரத்துல ஒரு டீச்சர்னு விசாரிச்சுப் போனேன். மத்தியானம் சாப்பாட்டு பெல் அடிச்சிருந்துது. கைய கழுவிட்டு வந்து நின்னாங்க. கேட்டேன். வேணாம்ப்பா, அப்பா இல்லாத புள்ள, அடுத்தவங்க சண்டைல போய் எதுக்கு சாவணும், போக வேணாம்னே எழுதுன்னாங்க.

மெடிக்கல் ஷாப் போன்லேர்ந்து எடிட்டருக்கு சொன்னேன். யோசிச்சு செய்யலாம்ங்கற அந்த ஒரு எடத்த ஒரு வக்கீலுக்கு குடுத்தாச்சேன்னாரு. போன வெக்கறதுக்குள்ள, டீச்சர் சொன்னதா இந்த வரிய நான் சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நானா சொன்னதுதான்.

அதுக்கு கெடச்ச மரியாதய கேளுங்க. ஒரு எம்.பி. டெல்லில ஏதோ கூட்டத்துல அந்தக் கட்டிங்க தூக்கிக் காட்டினாராம். பெத்தவங்களே தயாரா இருக்காங்க, நீங்க ஏன் தயங்கறீங்கன்னு. எடிட்டர் என் தோள்ல கைய போட்டு டீ வாங்கிக் குடுத்தாரு. ரெண்டே வாரம், பட்டாளம் கெளம்பிடுச்சு. சமாதானத்துக்குன்னுதான் போனாங்க, மூணாவது மாசம் சண்ட.

ஒரு வரியாலயா பட்டாளம் போச்சுன்னு கேப்பீங்க. இல்லதான். ஆனா ஊருக்கு ஊரு என்னை மாதிரி ஒருத்தன் இருந்திருப்பான் இல்ல? வேணாம்னு சொன்னவங்க வாய எல்லாம் மாத்தி எழுதிட்டா, டெல்லிக்கு எப்படித் தெரியும்? நெனச்சா வெக்கமா இருக்குண்ணா.

டீச்சரா? கேக்காம இருப்பாங்களா. பேப்பர்ல வந்த வாரம் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாஸ்டர் அவங்கள எழுப்பி நிக்க வெச்சு ஜெபம் பண்ணினாராம். எல்லாரும் வந்து கையப் புடிச்சுகினாங்களாம். சாயங்காலம் என் வூட்டுக்கு வந்தாங்க. கோவமே இல்ல. பேப்பர நீட்டி, நான் இப்படியாப்பா சொன்னேன்னு கேட்டாங்க. என் சம்சாரம் பக்கத்துல நிக்கறா. ஆமா டீச்சர், கண்ணுல தண்ணியோட நீங்கதானே சொன்னீங்க, மறந்துட்டீங்களான்னேன்.

பேப்பர மடிச்சுகினாங்க. ஒருவேள சொல்லியிருப்பேன்ப்பா, அன்னிக்கு மனசு ஒரு நெலைல இல்லன்னுட்டுப் போயிட்டாங்க. நம்பிட்டாங்கண்ணா.

இப்ப அந்த வரியப் புடிச்சுகினுதான் உயிரோட கீறாங்க. என் புள்ளய யாரும் புடுங்கல, நானே மனசாரக் குடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க. நான் போயி எந்த வாயால இல்லன்னு சொல்ல?

வெட்டுங்கண்ணா. கீழ, அம்மா சொன்னதுன்னு போடணுமாம். அதையும் சேத்துக்கோங்க.