கொச்சியிலிருந்து ஒரு மணி நேரம்

சேலத்துக்கும் கொச்சிக்கும் நடுவே தூரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, மேடம். ஆகாய வழியில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து எங்கள் நல்லம்பள்ளிக்குக் காரில் இன்னொரு மணி நேரம். கொச்சியில் வேலை பார்க்கும் என் தம்பி மாதவராஜ் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

"முன்ன மாதிரி ராத்திரி பூரா பஸ்ஸுல உக்காரணுமாக்கா? ஒரு வார்த்தை சொல்லு, ஃப்ளைட் புடிச்சு வந்து நிக்கறேன்." ஃபோன் செய்யும்போதெல்லாம் இதையே சொல்வான். வந்ததில்லை.

அம்மா அதை நம்பினாள். சர்க்கரையில் அவளுக்குக் கண் பார்வை போயிருந்தது. காலையும் மாலையும் நான்தான் இன்சுலின் ஊசி போடுவேன். மேலே விமானச் சத்தம் கேட்டால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுவாள்.

"பானு, தம்பி வந்துட்டானா பாரு."

அது வேறு எங்கோ போகிறது என்றால் கேட்கமாட்டாள். நான்தான் அவனை வரவிடாமல் செய்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாளிடம் சொல்லி அழுதாள். அவளைக் குளிப்பாட்டிப் புடவை கட்டிவிடுகிற கை இது. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. எப்படியாவது அவனைக் கொண்டுவந்து அவள்முன் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது.

ஆடியில் ஒருமுறை, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று பொய் சொன்னேன். வீடியோவில் காட்டச் சொன்னான். அம்மா உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே இருக்குது, ஏன்க்கா பயமுறுத்தற?" சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

பொய் சொன்னது என் தப்பு. அடுத்த முறை சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஊசியை நான் நிறுத்தவில்லை, மேடம். வேளை தவறாமல் போட்டேன். மருந்துக்குப் பதில் தண்ணீர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான்; குத்திய இடம் சீழ் பிடித்துவிடக் கூடாதே. அவள் தாகம், தாகம் என்றாள். கேட்டபோதெல்லாம் குடிக்கக் கொடுத்தேன். சில நாளில் பேச்சு குழறியது, மூச்சு நீளமாக வாங்கியது. அப்போது வீடியோவில் காட்டினேன்.  அடுத்த விமானத்தில் ஏறிவிட்டான்.

அவன் வந்தபோது மூச்சு இருந்தது. "அம்மா, மாதவராஜ் வந்துட்டேன்மா" என்று கையைப் பிடித்தான். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோலாம், ஒரு கை புடிக்கா" என்றான்.

கொண்டுபோனால் பிழைப்பாள் என்று நினைத்தேன். பிழைத்தால் அவன் மறுநாளே கிளம்பிவிடுவான். மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

"இப்பத்தான் டாக்டர் பாத்துட்டுப் போனாரு. இனி வூட்லயே இருக்கட்டும்னுட்டாரு" என்றேன்.

எந்த டாக்டரும் வரவில்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

ஃபிரிட்ஜில் பிரிக்காத இன்சுலின் இருப்பதைப் பார்த்துத்தான் அவன் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. காரியம் முடியும்வரை எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தான். என் கையால் சாப்பிட்டான். அம்மா படுத்த இடத்திலேயே பாய் போட்டுப் படுத்தான்.

அம்மா இருந்து பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.