பதினோராம் படியில் ஈரம்

1998ஆம் ஆண்டு டிசம்பர் பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. விடியற்காலை நான்கு மணி நாற்பது நிமிடம். பெங்களூர் பொம்மனஹள்ளிக்குப் பின்புறம் ஏரிக்கரைச் சாலை... விளக்கு இல்லை. ஆள் இல்லை. ஒரே ஒரு மனிதர் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்த தம் கையே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தகைய மூடுபனி.

"டேட், டைம் எல்லாம் கரெக்டா சொல்றீங்களே ஆன்ட்டி. டைரி எழுதுவீங்களா?" என்று ஹரிஷ்குமார் இப்போது கேட்கிறான். மூன்றாம் மாடிக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கேலி.

குறுக்கே பேசாதே. முதலில் அந்தத் தட்டைக் கீழே வை. சத்தம் வராமல் வை. கிருத்திகா, கதவைச் சாத்து. மின்சாரம் வரும்வரை யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

அந்த மனிதர் பாலகுமார். என் தோழி ரத்தினம்மாளின் தம்பி. நம் இரண்டாம் மாடிக்காரர். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நான்கு மணிக்கெல்லாம் வீடு சேர்ந்துவிடுவார். அன்று வரவில்லை. அவர் மனைவி காந்தா வாசலில் நின்று பார்த்தாள்... வாசலே தெரியவில்லை. ஏரிக்கு அப்போது தடுப்புச் சுவர் கிடையாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

காந்தா பிறந்தது கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில். கடலைப் பார்த்த ஒரே தெரு, நாற்பது வீடு. எந்த வீட்டில் உலை கொதிக்கிறதோ அந்த வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. மார்கழிப் பனியில் கரை தெரியாது. ஆகவே பிள்ளைகள் முறைவைத்துக் கரையில் நின்று தட்டை அடிப்பார்கள். மூன்று அடி, இடைவெளி, ஓர் அடி. கட்டுமரங்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரும். வந்தவற்றை எண்ண வேண்டும். கடைசி ஆள் கரையேறும்வரை கை ஓயக் கூடாது. இது அந்தத் தெருவின் சட்டம்.

காந்தாவுக்குப் பதினொரு வயதில் ஒரு நாள் முறை வந்தது. கடலுக்குப் போனவை பதினெட்டு. அவள் பதினெட்டு எண்ணினாள், குளிர், பசி... தட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஆனால் அவற்றில் ஒன்று பக்கத்துக் குப்பத்துக் கட்டுமரம். வழி தவறி, இந்தச் சத்தம் கேட்டு வந்தது. பனியில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கணேசமூர்த்தி சித்தப்பாவும் அவருடைய இரண்டு மகன்களும் வரவே இல்லை. எண்ணிக்கை தவறியதை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை, பல ஆண்டுகள் கழித்து என்னிடம்தான் சொன்னாள். அந்த வீட்டில்தான் அவள் பாதி நாள் சாப்பிட்டிருந்தாள்.

அதனால்தான் அன்று விடியற்காலை அவள் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். மூன்றும் ஒன்றும்... மூன்றும் ஒன்றும்... கீழே வீட்டுக்காரர் மஞ்சுநாத், "ஏனம்மா இது, நித்ரெ மாடோது பேடவா?" என்று, தூங்க வேண்டாமா என்று கன்னடத்தில் கத்தினார். அவள் நிறுத்தவில்லை.

ஐந்தே காலுக்குப் பாலகுமார் மாடிக்கே ஏறி வந்தார். முழங்கால்வரை சேறு.

"தண்ணியில இறங்கிட்டேன்டி. எந்தப் பக்கம் கரைன்னே தெரியல. உன் தட்டுச் சத்தம் கேட்டுது... திரும்பிட்டேன்."

காந்தா கரண்டியைக் கீழே போட்டாள். அழுதாள். அப்போது அவர் சொன்னார்:

"எனக்குப் பின்னாடியே மூணு பேர் வந்தாங்க. அவங்களுக்கும் சேர்த்து டீ போடு."

"யாருங்க?"

"தெரியல. வாயே திறக்கல. ஒரு பெரியவர் சைக்கிள் கேரியரை விடவே இல்ல. பாவம், குளிர்ல நடுங்கிட்டே வந்தார்."

விளக்கோடு இறங்கிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. படியில் ஈரக் காலடிகள்... மூன்று ஜோடி. செருப்பில்லாத கால்கள். பதினோராம் படிவரை வந்து நின்றிருந்தன. அவள் தட்டுவதை நிறுத்தியபோது அவர்கள் எட்டியிருந்த இடம் அது. ஏரி நாற்றம் இல்லை. கருவாடும் நனைந்த கயிறும் கலந்த வாசனை. சத்தம் கேட்டு எழுந்து வந்த ரத்தினம்மாள் சைக்கிள் கேரியரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

மறுநாளும் பனி. காந்தா நான்கு மணிக்கே மாடியேறி, வெயில் வரும்வரை அடித்தாள். காலையில் அந்த மூன்று ஜோடியும் பதினோராம் படியைத் தாண்டி, மொட்டை மாடியில் அவள் நின்ற இடம்வரை வந்திருந்தன. அதற்குப் பிறகு படி உலர்ந்தே இருந்தது. ஆறு ஆண்டுகள். ஆனாலும் பனி இறங்கிய ஒரு நாளையும் அவள் விட்டதில்லை. அந்தத் தட்டு மாடிக் கதவில் தொங்கிய காரணம் இதுதான்.

"கடல் எங்க, பெங்களூர் எங்க ஆன்ட்டி?" என்கிறான் ஹரிஷ்குமார். குரலில் கேலி குறைந்திருக்கிறது.

சென்ற மாதம் இருபத்தாறாம் தேதி கடல் ஊருக்குள் புகுந்தது. அன்றிரவே காந்தாவும் பாலகுமாரும் தங்கள் தெருவைத் தேடிப் புறப்பட்டார்கள். பதினேழு நாளாயிற்று. நேற்றுத்தான் காந்தா என்னிடம் தொலைபேசியில் பேசினாள். "தெருவே இல்லக்கா" என்றாள்.

இன்று விடியற்காலை பனி இறங்கியது. ஐந்து மணிக்கு மாடியில் தட்டுச் சத்தம் கேட்டது. ஹரிஷ், நீதானே?

"கழட்டி வெச்சிடலாம்னு போனேன் ஆன்ட்டி. எப்படித்தான் தட்டுவாங்கன்னு சும்மா... ஒரு ரெண்டு நிமிஷம். சத்தியமா அவ்வளவுதான்."

ஐந்தரைக்குக் கோலம் போடக் கதவைத் திறந்தேன். வாசலில் தொடங்கிப் பதினோராம் படிவரை ஈரம். கால் வைக்க இடமில்லை. காலடிமேல் காலடி... எத்தனை பேர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவற்றில் பல, என் உள்ளங்கை அளவுகூட இல்லாத கால்கள்.

நான் துடைக்கவில்லை. பகல் முழுவதும் வெயில் அடித்தும் அது காயவில்லை. நீங்கள் எல்லாரும் அதை மிதித்துத்தான் இங்கே வந்தீர்கள்.

2005 ஜனவரி பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை இரவு, மஞ்சுநாத் உட்பட ஐந்து வீட்டாரும் கூடி முடிவு செய்தது இது. தட்டு மீண்டும் மாடிக் கதவில் மாட்டப்படும். பனி இறங்கும் நாளெல்லாம் நான்கு மணிக்கு அடிக்கத் தொடங்க வேண்டும். முதல் முறை ஹரிஷ்குமாருடையது. அதை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் கை ஓய்ந்தால் நான். எனக்குப் பின் கிருத்திகா. வெயில் படியில் விழும்வரை நிறுத்தக் கூடாது.

வந்தவர்களை யாரும் எண்ணக் கூடாது என்றும் முடிவாயிற்று.