மூன்றாவது பாட்டு முடியும் வரை

ஒருவர் இறந்த செய்தி அவருடைய மனைவிக்கு எத்தனையாவது ஆளாகப் போய்ச் சேரலாம்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. அண்ணன் இறந்த நாள் முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாமலேதான் உங்கள் முன் நிற்கிறேன்.

விழாக் குழுத் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் ஊர்ப் பொறுப்பாளர்களே, பால் சங்க உறுப்பினர்களே, பாட்டுக் குழுவினரே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நாம் அஞ்சலி செலுத்த வந்திருப்பவர், நாட்டின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு நம் மாவட்டக் குழுவின் செயலாளர். பால் சங்கத்தின் முன்னாள் மேலாளர். பதவிகள் இப்படி. ஆனால் அவரை நாம் அழைத்த பெயர் ‘தொடரட்டும்’ அண்ணன். கரண்ட் போகட்டும், மைக் அலறட்டும், பேச வேண்டியவர் பாதி வழியில் பஞ்சராகி நிற்கட்டும், மேடை ஓரத்திலிருந்து அந்தக் குரல் வரும்: “நிகழ்ச்சி தொடரட்டும்!”

நான் கல்லூரியில் வரலாறு நடத்துபவள். ஆண்டு விழா என்றாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாது. புகைப்படக் கண்காட்சிக்குக் குறிப்பு எழுதத்தான் என்னைக் குழுவில் சேர்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன்: “ஐம்பது வருஷத்துல பாதி ஊருக்கு ரோடு வரல. எதைக் கொண்டாடப் போறோம்?” எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் சிரித்தார்.

“அதையே பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க மேடம். கண்காட்சி வாசல்ல மாட்டிடுவோம்.”

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். மாட்டினார்! சிறப்பு விருந்தினர் அதற்குக் கீழே நின்றுதான் ரிப்பன் வெட்டினார்.

மாவட்டத் தலைமை ஊரில் ஒரே ஒரு பெரிய விழா, அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று பலர் சொன்னோம். அவர் கேட்கவில்லை. “நாட்டுக்கு வயசானா எல்லா ஊருக்கும்தானே வயசாகுது? கேக்கை நடுவீட்டுல மட்டும் வெட்டுனா எப்படி?” என்றார். ஊருக்கு ஒரு நாள். சைக்கிள் பந்தயம், மாட்டுக் கண்காட்சி, பாட்டு. ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால் இருக்கும் கடைசி ஊர் வரைக்கும். பால் வண்டி போகிற இடமெல்லாம் விழாவும் போனது. அவரைத் தவிர யாருக்கு அது தோன்றியிருக்கும்? யார் அதற்காக அலைந்திருப்பார்கள்?

ஒரு ஊரில் காற்று வந்து கூடாரத்தையே தூக்கிக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். “கூடாரம்தானே பறந்துச்சு, நாடு பறக்கலையே! நிகழ்ச்சி தொடரட்டும்!” இன்றைக்கு இங்கே பேசிய எல்லோரும் அதைத்தான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மாட்டுக் கண்காட்சி அன்று முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரின் காது மிஷின் கீழே விழுந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்கிறார். அண்ணன் நேராக மேடையேறி மைக்கை வாங்கினார். “யாரும் எந்திரிக்காதீங்க. காலை அசைக்காதீங்க. மிஷின் கிடைக்கிற வரைக்கும் பேச்சு கிடையாது.” விருந்தினருக்கு முகம் சுருங்கியது. அண்ணன் அவரிடமே சொன்னார்: “நீங்களும் கொஞ்சம் கீழ பாருங்க சார்.” பார்த்தார்! வைக்கோலுக்குள் கிடந்தது கிடைத்து, பெரியவர் மாட்டிக்கொண்டு தலையாட்டிய பிறகுதான் மைக் திரும்பிப் போனது.

நிறுத்தத் தெரிந்த மனிதர் அவர். அதை நாம் மறந்தோம். மறந்தது நமக்கு வசதியாக இருந்தது.

இனி நான் சொல்வதை இந்த மேடையில் சொல்ல வேண்டாம் என்று சிலர் அன்போடு கேட்டுக்கொண்டார்கள். மன்னிக்க வேண்டும்.

அன்று விளையாட்டு மைதானத்தில் மாவட்ட விழா. மேடையில் பாட்டுக் குழு முதல் பாட்டைத் தொடங்கியிருந்தது. மொத்தம் மூன்று பாட்டு. இரண்டாம் வரிசையில், நடுவில், அக்கா. அண்ணனின் மனைவி, நம் தோரணங்களையெல்லாம் தைத்த தையல்கார அக்கா. மேடைக்குப் பின்னால், வலையும் மட்டையும் போட்டு வைக்கும் அறையில், ஒயர் சுருளின் மேல் அண்ணன் சாய்ந்துவிட்டார். முதலுதவி மேசையிலிருந்த நர்ஸ் ஓடி வந்தார். அவரால் ஆனதையெல்லாம் செய்தார். பிறகு நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“அக்காவைக் கூப்பிடுங்க” என்றார் நர்ஸ்.

“இன்னும் ரெண்டு பாட்டுதான். முடியட்டுமே” என்றார் தலைவர்.

“அண்ணனே இருந்தாலும் தொடரட்டும்னுதான் சொல்லியிருப்பாரு” என்றார் மைக்செட்காரர், அழுதுகொண்டே.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவள் நான். அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

தலைவர் இப்போது என்னைப் பார்க்கிறார். ஐயா, பழியை உங்கள் மேல் போடவில்லை. அந்த அறைக்கு ஒரே கதவு. அதில் நின்றவள் நான்.

இரண்டாம் பாட்டு முடிந்தது. மூன்றாம் பாட்டில், இரண்டாவது சரணத்தில், அக்கா மேடை ஓரத்தைப் பார்த்தார். அங்கே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக் கிண்டல் செய்வது அண்ணனின் வழக்கம். அங்கே நான் நின்றேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாட்டு முடிந்தது. கூட்டம் “ஒன்ஸ் மோர்” என்றது. அதையும் பாடவிட்டோம்.

அதற்குள் யார் யாருக்குத் தெரிந்திருந்தது? விருந்தினரின் உதவியாளருக்குத் தெரியும். வேன் டிரைவருக்குத் தெரியும். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிப்பவருக்குக்கூடத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

அறைக்குள் வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஒன்ஸ் மோருக்கு முன்னாடியா, அப்புறமா?”

நான் தரையைப் பார்த்தேன். அதுவே பதிலாகப் போயிற்று.

முன்வரிசையில் அவருக்குப் போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது. பாட்டு டீச்சர் போய் அழைத்தாராம். “நாளைக்குக் கடைசி ஊருக்குத் தோரணம் பாக்கியிருக்கு. அவரைப் புகழ்றதுக்கு ஆள் இருக்கு, இதைத் தைக்க ஆள் இல்ல” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நண்பர்களே, இப்படிப்பட்ட கூட்டத்தின் முடிவில் அவர் விட்டுச் சென்ற பணி தொடரட்டும் என்று உறுதி எடுத்துக்கொள்வோம். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு இன்று நா எழவில்லை. ஆனாலும் அவர் வாக்குக் கொடுத்த கடைசி ஊருக்கு நாளை போவோம். ஒன்று மட்டும் கூடுதலாக உறுதி கொள்வோம்: இனி யாருக்காகவாவது நிறுத்த வேண்டிய இடம் வந்தால், நிறுத்துவோம். வேண்டாத இடத்தில் அவருடைய சொல்லை எடுத்து நம் கோழைத்தனத்தை மூடமாட்டோம். அக்கா நம்மை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நன்றி.

*

விழா மலரில் அச்சிட இந்த உரையைக் கேட்டார்கள். மறுநாள் நடந்ததையும் சேர்த்தே தருகிறேன்.

பால் வண்டியில் தோரண மூட்டையோடு அக்கா வந்து இறங்கினார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ஏணி எங்க?” என்றார் அக்கா. தோரணத்தைக் கட்டிவிட்டுப் போய் இரண்டாம் வரிசையில், தன் இடத்தில் நின்றார். முதல் பாட்டு. இரண்டாம் பாட்டு. மூன்றாம் பாட்டில், இரண்டாவது சரணத்தில், அவர் கையை உயர்த்தினார். குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

“இந்த இடத்துலதான் அவரைத் தேடினேன்” என்றார். “இதோட நிறுத்திக்கிறேன்.”

மேடையிலிருந்து இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார். தலைவரின் கை மைக் வரை போய்த் திரும்பியது. மைக்செட்காரர் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். இன்னும் சில நிகழ்ச்சிகள் மீதமிருந்தன. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. ஊர் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தது.

பால் வண்டி திரும்பும் நேரம் வந்ததும் அக்கா எழுந்து தோரணத்தை அவிழ்க்கத் தொடங்கினார். மறுமுனையை நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். மடித்து முடிக்கும் வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.