பென்சில் திருத்தம்

— இங்கேயும் தப்பு. மூணாவது கேள்வியிலயும் 'ஹிம்செல்ஃப்'னு போட்டு வச்சிருக்கான். அந்தப் பென்சிலை எடு பாப்பா.

— அப்பா, ஃபாரத்துல கிறுக்காதீங்க. சாயங்காலம் முதியோர் இல்லத்துல கொண்டுபோய்க் கொடுக்கணும்.

— கிறுக்குறேனா? முப்பது வருஷம் அச்சாபீஸ்ல புரூஃப் பாத்தவன் கிறுக்குவானா? 'கேன் ஹீ வாஷ் ஹிம்செல்ஃப்'னு கேக்குறான். உங்கம்மாவைப் பத்தின கேள்வியில ஆம்பளை எங்கேருந்து வந்தான்? 'ஷீ', 'ஹெர்செல்ஃப்'. தமிழ்னா 'தன்னை'ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், ஆணா பொண்ணான்னு யாரும் கேக்க மாட்டாங்க. இங்கிலீஷ்ல அந்தச் சலுகை கிடையாது. பிழைன்னா பிழைதான்.

— சரிப்பா, திருத்திக்கோங்க. ரொம்ப அழுத்தி எழுதாதீங்க.

— எனக்கே சொல்றியா? சரி, கேள்வியைப் படி.

— தானே குளிச்சுக்க முடியுமா?

— குளிக்கிறதுக்கு எதுக்கு ஒரு 'செல்ஃப்'? குளிச்சேன்னா நான்தானே குளிச்சேன், ஊரையா குளிப்பாட்டினேன்? சரி, முடியாதுன்னு போடு. நான் குளிக்கப் போனா உங்கம்மா பின்னாலயே வந்து கதவோரம் நிக்கிறா. தாழ்ப்பாள் போட விட மாட்டேங்குறா. ஒரு நிமிஷம் தனியா இருக்கப் பயம் அவளுக்கு.

— சரிப்பா.

— எதிர்லதான் உக்காந்திருக்கா. தன்னைப் பத்திப் பேசுறாங்களேன்னு ஒரு அசைவாவது இருக்கா பாரு.

— அம்மாவுக்கு எல்லாம் கேக்குதுப்பா.

— கேக்கும், காதுல என்ன குறை. அடுத்தது?

— தானே சாப்பிட முடியுமா?

— 'ஃபீட் ஹெர்செல்ஃப்'. ஆடு மாட்டுக்குத் தீனி வைக்கிற சொல்லைக் கொண்டுவந்து போட்டிருக்கான் பாவி. முடியாது பாப்பா. தட்டைத் தூக்கிக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காருவா. ஒரு வாய் பிசைஞ்சு என் வாய்கிட்ட நீட்டுவா. தன் வாய் எது, என் வாய் எதுன்னே அவளுக்குக் குழம்பிப் போச்சு. மனசு நோகக் கூடாதேன்னு நானும் வாங்கிக்குவேன்.

— கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களாப்பா?

— எனக்கெதுக்குத் தண்ணி? நீ ஏன் மூக்கை உறிஞ்சுறே?

— சளி பிடிச்சிருக்கு. இது அஞ்சாவது கேள்வி. 'எக்ஸ்பிரஸ் ஹிம்செல்ஃப்'...

— ஹெர்செல்ஃப்.

— ஹெர்செல்ஃப். மனசுல இருக்கிறதைத் தானே எடுத்துச் சொல்ல முடியுமா?

— இதுலதான் என் வயிறு எரியுது. எப்பேர்ப்பட்ட வாய் தெரியுமா அவளுக்கு? அச்சாபீஸ்ல அவ மூலத்தை உரக்கப் படிப்பா, நான் புரூஃப்ல விரல் வச்சுக்கிட்டே வருவேன். ஒரு கமா தப்பாது. அப்படிப் படிச்சுப் படிச்சுத்தான் எங்களுக்குள்ள... சரி விடு, அது உனக்கெதுக்கு. இப்ப நான் பத்து வார்த்தை பேசினா ஒரு 'ம்' கொட்டுறா. பல நாள் அதுவும் இல்ல. முடியாதுன்னு போடு.

— தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டது உண்டான்னு கேட்டிருக்காங்க.

— போன மாசம் அடுப்பைப் பத்த வச்சுட்டு மறந்துட்டா. துணி கருகிப் போச்சு. இந்தத் தழும்பைப் பாரு. ஆனா 'பர்ன்ட் ஹெர்செல்ஃப்'னு எழுதக் கூடாது, பிழையாயிடும். வச்சது அவ, வெந்தது என் கை. அதுலேருந்து தீப்பெட்டியை எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கா. வாசக்கதவைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிறா. யாருக்குப் பயப்படுறாளோ.

— 'என்ஜாய்'னு ஒண்ணு இருக்கு. தானே சந்தோஷமா பொழுதைப் போக்கிக்க முடியுமா?

— 'என்ஜாய்'க்குப் பின்னால 'செல்ஃப்' போட்டிருக்கானா பாரு. பாதிப் பேர் விட்டுடுவாங்க.

— போட்டிருக்குப்பா.

— இங்கிலீஷ்காரன் சந்தோஷம்கூடத் தானேதான் பட்டுக்கணும். நமக்குப் பக்கத்துல ஆள் வேணும். காலையில நான் பேப்பரை விரிச்சுப் பிழை திருத்துவேன் இல்ல, அப்ப பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. அந்த நேரம் மட்டும் முகம் கொஞ்சம் தெளியும். சில சமயம்னு போடு.

— கடைசிக் கேள்வி. தன்னைத்தானே பாத்துக்க முடியுமா?

— 'பாத்துக்கிறேன்'. என்ன சொல் பாரு. பாக்குறது அவளை. ஆனா அந்த 'க்கிறேன்'ல நானும் ஒட்டிக்கிட்டு நிக்கிறேன். கல்யாணத்தன்னைக்கு உன் தாத்தாகிட்ட அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன், நான் பாத்துக்கிறேன்னு. இத்தனை வருஷமும் பாத்துக்கிட்டேன். இனிமே முடியல பாப்பா. எனக்கே சில நாள் தலை சுத்துது. அனுப்பிடு.

— அப்பா...

— அங்கே நல்லா வச்சுக்குவாங்களா?

— நல்லா வச்சுக்குவாங்கப்பா. ஜன்னலோரக் கட்டிலா கேட்டு வாங்கியிருக்கேன்.

— தலைக்கு ரெண்டு தலையணை வேணும்னு சொல்லு. டீயில சக்கரை கம்மி. காலையில பேப்பரோட ஒரு பென்சிலும் கொடுக்கச் சொல்லு.

— பென்சில் யாருக்குப்பா?

— அவளுக்குத்தான். பிழை கண்ணுல பட்டா கை சும்மா இருக்காதே... அவளுக்கா, எனக்கா? யாரோ ஒருத்தருக்கு. சொல்லி வை.

— சொல்றேன்.

— போய்ப் பாக்க விடுவாங்களா?

— தினமும் பாக்கலாம். நாலு மணிக்கெல்லாம் கதவைத் திறந்துடுவாங்க.

— அப்ப சரி. கையெழுத்து எங்கே போடணும்?

— இங்கே. பேனாவுல போடுங்க.

— போட்டாச்சு. அவகிட்ட நீயே பக்குவமா எடுத்துச் சொல்லு. அந்த முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியாது. பென்சில் மொக்கையாயிடுச்சு, உள்ளே போய்ச் சீவிட்டு வரேன்.

— ஷார்ப்பனர் அலமாரியில இருக்கு, வலது பக்கம்ப்பா. அது இல்ல, அந்தப் பக்கம். ஆமா, அதான்.

— தெரியும், தெரியும். என் வீடு எனக்குத் தெரியாதா?

— அம்மா, அப்பா உள்ளே போயிட்டார். இப்பவாவது வாயைத் திறயேன்.

— என்ன சொல்லச் சொல்றே?

— ஏதாவது சொல்லு. உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தியே, எப்படித் தாங்கினே?

— முப்பது வருஷம் நான் படிச்சேன், அவர் திருத்தினார். அவர் கை வச்ச இடத்துல நான் ஒரு நாளும் மறுபேச்சுப் பேசினதில்ல.

— அழாதேம்மா.

— அழல. அவர் திரும்பி வர்றதுக்குள்ள ரப்பரை எடு பாப்பா, திருத்தினதையெல்லாம் அழிச்சுடு. அச்சுல இருந்த 'ஹிம்செல்ஃப்'தான் சரி.